சோறு தொடங்கிய பின் டயப்பரில் நடப்பவை: புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் மகளுக்கு ஆறு மாதமும் பத்து நாளும் ஆகியிருந்த ஓர் இரவில், டயப்பரைப் பிரித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மஞ்சள் மலத்தின் மேல் கறுப்பாக, மெல்லியதாக, ஏழெட்டு இழைகள் நெளிந்து கிடந்தன. புழு என்று முடிவு செய்ய எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. டயப்பரை மடித்துப் பையில் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரவு ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். பணியில் இருந்த மருத்துவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "நேற்று வாழைப்பழம் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். கொடுத்திருந்தோம். பழத்தின் நடுவில் உள்ள நார், குடலைக் கடந்து வரும்போது கறுத்துவிடுமாம். திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் குழந்தைக்கு என்ன என்று விசாரித்தார். "வாழைப்பழம்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் மனைவி வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

அன்று தெரியாமல் இருந்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. இரண்டு பிள்ளைகளுக்கு டயப்பர் மாற்றியவன், கேள்வி கேட்டு மருத்துவர்களின் பொறுமையைச் சோதித்தவன். எனக்குப் புரிந்த முக்கியமான சங்கதி ஒன்றுதான். வீட்டில் எல்லோரும் எத்தனை முறை போனது, என்ன நிறத்தில் போனது என்றே கேட்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது மலம் இளக்கமாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்பதை.

முதல் படி: சோறு தொடங்கும் முன் ஒரு வாரம் கவனியுங்கள்

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் கடுகுத் துவையல் போல மஞ்சளாக, சிறு மணிகளோடு, தளர்வாக இருக்கும். புளித்த மோர் போல லேசான வாடைதான் வரும். ஒரு குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்ததும் போகும். இன்னொன்று ஏழு நாளுக்கு ஒரு முறை போகும். ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை நன்றாகக் குடித்து, எடை கூடி, மலம் இளகி வந்தால் இரண்டுமே இயல்புதான். தாய்ப்பாலில் பெரும்பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்வதால் வெளியே தள்ளச் சக்கை அதிகம் மிஞ்சுவதில்லை. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு மலம் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும்.

உங்கள் குழந்தையின் வழக்கம் எது என்று தெரியாமல் சோறு ஊட்டத் தொடங்கினால், பிறகு எதைப் பார்த்தாலும் புதிதாகத் தோன்றும். அதனால் ஒரு வாரம் குறித்து வையுங்கள். நாங்கள் சமையலறையில் தொங்கிய மாதக் காலண்டரையே பயன்படுத்தினோம். ராகுகாலத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் "2, இளக்கம்" என்று பென்சிலால் எழுதினால் போதும். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அதை வட்டிக் கணக்கு என்று நினைத்தார்.

இரண்டாவது படி: ஒரு நேரத்தில் ஓர் உணவு

ஆறு மாதம், அதாவது 180 நாள் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதலில் நாளைக்கு ஒரு வேளை இரண்டு மூன்று கரண்டி; மெல்ல 6 முதல் 8 மாதத்துக்குள் நாளைக்கு இரண்டு மூன்று வேளையாகக் கூட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

குழைந்த சோறு, பாசிப்பருப்பு, ராகிக் கூழ், வேகவைத்து மசித்த பூசணி, இட்லி என எதில் தொடங்கினாலும் சரி. ஆனால் ஒரு புதுப்பொருளைக் கொடுத்தால் அடுத்த புதுப்பொருளுக்கு முன் மூன்று நாள் இடைவெளி விடுங்கள். குடலில் என்ன நடந்தாலும் காரணத்தைக் கண்டுபிடிக்க இதுதான் எளிய வழி. பதினைந்து தானியமும் பருப்பும் கொட்டையும் சேர்த்து வீட்டில் திரித்த சத்துமாவு நல்ல பொருள்தான்; முதல் வாரத்துக்கு உரியதல்ல. வயிறு கட்டினாலும் பேதியானாலும் அந்தப் பதினைந்தில் யாரைப் பிடித்து விசாரிப்பது?

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். கால் கரண்டி நெய் சேர்க்கலாம். உணவுக்குச் சத்தும் கூடும், சோறும் வழுக்கி இறங்கும்.

மூன்றாவது படி: மாற்றத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கப் பழகுங்கள்

முதல் இரண்டு வாரத்துக்குள் மூன்று மாற்றங்கள் வரும். மலம் கெட்டிப்படும், பற்பசை அல்லது வேர்க்கடலைச் சட்னி பதத்துக்கு வரும். மஞ்சள் மெல்ல பழுப்பாகும். வாடை வரும், உண்மையான வாடை. பால் மட்டும் குடித்தபோது குடலில் ஒரு வகை நுண்ணுயிர்களே பெரும்பான்மையாக இருந்தன. பருப்பும் மாவுச்சத்தும் நாரும் உள்ளே போனதும் பல வகைகள் குடியேறுகின்றன. அவை பித்த நிறமியை மாற்றுவதால் பழுப்பு நிறமும், புரதத்தைச் சிதைப்பதால் நாற்றமும் வருகின்றன. "குழந்தையின் மலம் நாறாது" என்று அதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அப்பாக்கள் இந்த வாரத்தில்தான் டயப்பர் வேலையிலிருந்து நழுவப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

சாப்பிட்டது சாப்பிட்டபடியே வருவதும் இந்தக் காலத்தில்தான். கேரட் ஆரஞ்சுத் துணுக்காக வரும். தக்காளித்தோல் சிவப்புச் சுருளாக வரும். பட்டாணித்தோல் முழுதாக வரும். குழந்தைக்குக் கடைவாய்ப்பல் இல்லை, மெல்லத் தெரியாது, உணவும் குடலில் வேகமாக ஓடுகிறது. "ஒன்றுமே செரிக்கவில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவார்கள். தோலும் நாரும் மட்டுமே அப்படி வருகின்றன, சத்து இறங்கிவிடுகிறது. எடை கூடிக்கொண்டிருந்தால் இதற்காக எதையும் நிறுத்த வேண்டாம், இன்னும் கொஞ்சம் நன்றாக மசித்தால் போதும்.

நிறத்துக்கு வருவோம். கீரை கொடுத்தால் பச்சை. பீட்ரூட் கொடுத்தால் சிவப்பு, சிறுநீரும் இளஞ்சிவப்பாகலாம். ராகி கொடுத்தால் கரும்பழுப்பு. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஆறு மாதத்தில்தான் அரசுத் திட்டத்தின் கீழ் இரும்புச்சத்து டானிக்கும் தொடங்குகிறது. கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் அந்த மருந்தை வாரம் இரு முறை 1 மில்லி ஊற்றினால் மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போகலாம். பழியைச் சோற்றின் மேல் போட்டுச் சோற்றை நிறுத்துவதும், நிறத்தைப் பார்த்து மருந்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு.

நான்காவது படி: முக்கல் வேறு, சிக்கல் வேறு

குழந்தை முகம் சிவக்க முக்குகிறது, காலை மடக்குகிறது, அழுகிறது. பத்து நிமிடம் கழித்து வருவதோ இளக்கமான மலம். இது மலச்சிக்கல் அல்ல. வயிற்றை இறுக்கும் அதே நேரத்தில் ஆசனவாய்த் தசையைத் தளர்த்த வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்யக் குழந்தைக்கு இன்னும் வரவில்லை. தானாகக் கற்றுக்கொள்ளும்.

ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக, உலர்ந்து, விழுந்தால் சத்தம் கேட்கும் அளவுக்கு இறுகி வந்தால்தான் மலச்சிக்கல். இரண்டு நாள் போகாமல் மூன்றாம் நாள் இளக்கமாகப் போன குழந்தைக்கு அது இல்லை; தினமும் இரண்டு முறை புழுக்கையாகப் போகும் குழந்தைக்கு இருக்கிறது. காலண்டரில் எண்ணோடு பதத்தையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

இறுகிய மலத்தின் மேல் ஒரு கோடு போலச் சிவப்பு ரத்தம் இருந்தால், பெரும்பாலும் ஆசனவாயின் ஓரத்தில் சிறு கீறல் விழுந்திருக்கும். வலிப்பதால் அடுத்த முறை குழந்தை அடக்கும். அடக்கினால் உள்ளே இருப்பது இன்னும் உலரும். உலர்ந்தால் இன்னும் வலிக்கும். இந்தச் சுழல் தொடங்குவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும். காலை விறைத்துக்கொண்டு, பிட்டத்தை இறுக்கிக்கொண்டு, உடம்பை வில்லாக வளைக்கும் குழந்தை முக்குவது போலத்தான் தெரியும். உண்மையில் அடக்கிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது படி: கட்டிப்போனால் என்ன செய்வது

இந்த வரிசையில் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

முதலில் கரண்டியில் என்ன போகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் குற்றவாளி நேந்திரங்காய்ப் பொடி. கன்னியாகுமரிப் பக்கத்து உறவினர் அன்போடு கொண்டுவந்தது. காயை உலர்த்தித் திரித்த பொடி என்பதால் எளிதில் செரிக்காத மாவுச்சத்து அதிகம். நான்கு நாள் காய்ச்சிக் கொடுத்தோம், ஐந்தாம் நாள் புழுக்கை வந்தது. எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஆவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதிலேயே வளர்ந்தான். செங்காயான வாழைப்பழம், வேகவைத்த ஆப்பிள், வெறும் சோறு ஆகியவையும் சில வயிறுகளைக் கட்டும். ராகியைத் துணியில் வடிகட்டி நார் முழுவதையும் களைந்து, கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கிண்டினால் அதுவும் கட்டலாம். சந்தேகப்படும் பொருளை ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. சோறு தொடங்கியதும் தேவை. காய்ச்சி ஆறவைத்த நீரை ஒவ்வொரு வேளை உணவோடும் சிறு கிண்ணத்தில் கொடுங்கள். நாள் முழுதும் சேர்த்து 120 முதல் 240 மில்லி போதும். அதற்கு மேல் போனால் பாலுக்கு வயிற்றில் இடம் இருக்காது.

மூன்றாவது, இளக்கும் உணவு. நன்கு பழுத்த பப்பாளி, பேரிக்காய், பூசணி, கீரை மசியல். உலர்திராட்சையில் ஏழெட்டை இரவு ஊறவைத்து, காலையில் அதே நீரில் கசக்கி, வடிகட்டி இரண்டு மூன்று கரண்டி கொடுக்கலாம். முழுத் திராட்சையாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். பேரிக்காய்க்கு இளக்கும் குணம் வருவது அதிலுள்ள சார்பிடால் என்ற இனிப்பினால். அது குடலுக்குள் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும்.

நான்காவது, உடம்புக்கு அசைவு. மல்லாக்கப் படுக்கவைத்து இரு கால்களையும் சைக்கிள் மிதிப்பது போல மாற்றி மாற்றி மடக்கி நீட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தொட்டு, தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றும் திசையில் மெல்லத் தடவுங்கள். பெருங்குடல் செல்லும் திசையும் அதுதான். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

ஐந்தாவது, எங்கள் அம்மாவிடம் கற்றது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சேர்த்து, அதன் மேல் குழந்தையைத் தன்னைப் பார்க்க உட்காரவைத்து, அக்குளில் பிடித்துக்கொள்வார். கீழே பழைய செய்தித்தாள். குழந்தையின் முழங்கால் இடுப்பைவிட உயரமாகிக் குந்திய நிலை தானாக வந்துவிடுகிறது; அந்த நிலையில் மலக்குடலின் வளைவு நேராவதால் தள்ளுவது எளிது. உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பதால், காலை உணவு முடிந்த கால் மணி நேரத்தில் உட்காரவைப்பார். உடலியல் எதையும் படிக்காமல் இந்த இரண்டையும் அவர் சரியாகவே செய்தார்.

ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். அவர் லாக்டுலோஸ் போன்ற இளக்கி மருந்து எழுதித் தந்தால், "பழகிவிடும்" என்று பயந்து இரண்டே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அந்த மருந்து குடலுக்குள் நீரைத் தேக்கிவைக்கிறதே தவிர குடலைச் சோம்பேறியாக்குவதில்லை. எத்தனை நாள் என்று அவர் சொன்னாரோ அத்தனை நாள் கொடுங்கள்.

செய்யக் கூடாதவை

எந்த வீட்டிலும் சண்டை வரும் பகுதி இது.

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டைச் சீவி வைப்பது: இரண்டும் அந்த மெல்லிய தோலைக் கிழிக்கும், எரிக்கும். உடனே மலம் வருவதால் பலன் இருப்பது போலத் தோன்றும். பின்னர் கீறலும் அடக்கலும் தொடங்கும். விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவது அதைவிட மோசம். வாந்தி எடுத்து எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் பெரிய ஆபத்து.

தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டும் கூடாது. சேனை வைப்பதற்கும், நிப்பிளில் தடவிக் கொடுப்பதற்கும், "மலம் இளகும்" என்று நாக்கில் தொட்டு வைப்பதற்கும் இது பொருந்தும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். அந்த நோயின் முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான்.

உரைமருந்து விஷயத்தில் என் மாமியாரோடு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தேன். ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு என்று உரசிக் கொடுப்பதுதான் அவர்கள் வழக்கம். கடைசியில் நான் அவரிடம் சொன்னது இதைத்தான்: "அத்தை, மாசிக்காய் துவர்ப்பு. பேதியானால் கட்டத்தானே நீங்களே அதைக் கொடுப்பீர்கள்? ஏற்கனவே கட்டியிருக்கும் வயிற்றுக்கு எதற்கு?" அவருக்கு அது நியாயமாகப் பட்டது. மருந்தறிவு பேசியிருந்தால் நடந்திருக்காது.

பசும்பாலை ஒரு வயதுக்கு முன் முக்கிய உணவாகக் கொடுக்காதீர்கள். இரும்புச்சத்து குறையும், மலமும் கட்டும்.

ஆறாவது படி: இளகிப்போனால்

ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனாலோ, வழக்கத்தைவிட மிக நீர்த்து அடிக்கடி போனாலோ அது பேதி. புதுப் பழம் கொடுத்த மறுநாள் ஒரு முறை இளகிப்போவதைப் பேதி என்று சொல்லக் கூடாது.

"பல் முளைக்கிறது, அதனால்தான்" என்பார்கள். பல்லுக்கும் பேதிக்கும் தொடர்பில்லை. பல் முளைக்கும் வயதும், தவழ்ந்து கண்டதையும் வாயில் வைக்கும் வயதும், கிண்ணமும் கரண்டியும் புழக்கத்துக்கு வரும் வயதும் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் அது. கிருமி உள்ளே போகும் வழிகள் சட்டென்று கூடிவிடுகின்றன. "தொக்கம் விழுந்திருக்கிறது" என்று எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு போவதில் வீணாகும் அரைநாள், நீரிழந்த குழந்தைக்கு மிக நீண்ட நேரம்.

ஓஆர்எஸ் என்ற, இழந்த நீரை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைப் பொடிப் பொட்டலத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்துக்கடையிலோ வாங்கி எப்போதும் வீட்டில் வையுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். "கொஞ்சம் நீரில் கொஞ்சம் பொடி" என்று கண்ணளவில் கலப்பது ஆபத்து. ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது. பட்டினி போட்டால் பேதி நிற்காது, எடைதான் குறையும். துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டியவை

மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால். பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள் இருக்கலாம். தார் போல ஒட்டும் கறுப்பாக, பளபளப்பாக இருந்தால். இரும்பு டானிக்கின் கறுப்பு அப்படி ஒட்டாது. விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு இழுத்து, வாந்தி எடுத்து, சிவப்பு ஜெல்லி போலச் சளியும் ரத்தமும் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். குடல் குடலுக்குள் செருகிக்கொள்ளும் நிலை அது. இந்த வயதில்தான் அதிகம் வருகிறது. புதிய உணவு கொடுத்து இரண்டு மணி நேரத்தில் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து வெளுத்துத் துவண்டால், அந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை, அரிசியாகவும் இருக்கலாம். பேதியோடு ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, குழந்தை எழுப்ப எழுப்ப மயங்கினாலோ இரவு என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

டயப்பரைப் பையில் கட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியம் இப்போது இல்லை. கைபேசியில் வெளிச்சத்தில் ஒரு படமும், காலண்டரில் அந்தப் பக்கத்தின் ஒரு படமும் போதும். கடைசி மூன்று நாளில் என்ன ஊட்டினீர்கள் என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி.

கழுவுவது

சோறு தொடங்கிய பின் மலம் அதிகம் எரிக்கும். பிட்டம் சட்டென்று சிவக்கும். போன உடனே மாற்றி, வாசனைத் துடைப்பான்களை விட்டுவிட்டு வெறும் நீரில் கழுவி, ஒற்றி எடுத்து, சற்று நேரம் காற்றாட விடுங்கள். பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்த துணி இதற்குப் போதும். குழந்தை மலம்தானே என்று வாசல் சாக்கடையில் கொட்டுவது இன்னும் பல தெருக்களில் நடக்கிறது. பெரியவர்கள் மலத்தைப் போலவே அதிலும் கிருமி உண்டு. கழிப்பறையில்தான் போட வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுச் சோறு மசிக்கப் போங்கள்.